முப்பது நாளில் மறைய வேண்டியவை

இருபத்தாறு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். இப்போது ஐம்பத்திரண்டு. காலை ஐந்தரைக்கு எழுந்து, காபி போட்டுக்கொண்டு, முந்தின நாளை எழுதி முடித்த பிறகுதான் செய்தித்தாளைப் பிரிப்பேன். நாளுக்கு ஒரு பக்கம், நீலப் பேனா, விடுமுறை நாட்களுக்குச் சிவப்பு. முதலில் வானிலை, அடுத்து ஆபீஸ், அடுத்து சாப்பாடு, கடைசியில் யார் வந்தார்கள், யார் போன் செய்தார்கள். வேங்கிக்காலில் நான் வாங்கிய சிறிய வீட்டின் பீரோவில் எல்லா டைரிகளும் வரிசையாக நிற்கின்றன. எந்த நாளைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துச் சொல்லிவிடுவேன்.

அத்தனை டைரிகளிலும் ஒரு விஷயம் மட்டும் இல்லை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது அவற்றில் எங்கும் இல்லை. அது குற்றமில்லை என்று கோர்ட்டு சொன்ன மறுநாளின் பக்கத்தை எடுத்துப் பார்த்திருக்கிறேன். "காலையில் தூறல். ஆபீசில் கூட்டம். மதியம் தயிர் சாதம். பேப்பரில் ஒரு செய்தி." என்ன செய்தி என்று எழுதவில்லை. அதை மூன்று முறை படித்துவிட்டு, பேப்பரை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததையும் எழுதவில்லை. எதையும் விடாமல் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

எனக்கு நில அளவைப் பிரிவில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ரமணாசிரமம் பகுதியில் ஒரு சந்தின் எல்லையை அளக்கப் போனேன். ஒரு பக்கம் வாடகை அறைகள், மறுபக்கம் நாலு மேசை போட்ட சின்ன காபிக் கடை. ஒரு மேசையில் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த பெண் ஒருத்தி லேப்டாப்பை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். "இரு, என் பொண்டாட்டி கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. அக்கம்பக்கம் பார்க்கவும் இல்லை.

அன்று நான் எழுதிக்கொண்டு வந்த அளவு தப்பு. ஆபீசில் உட்கார்ந்து வரையும்போதுதான் தெரிந்தது, எல்லைக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து மூடவில்லை. அத்தனை வருட சர்வீசில் முதல் தப்பு. மறுநாள் காலை அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனேன்.

அவள் அதே மேசையில் இருந்தாள். "என்ன சார், நேத்தே அளந்துட்டீங்களே? ராத்திரியில நிலம் வளர்ந்துடுச்சா?"

"ஒரு அளவு தப்பாப் போச்சுங்க." அளந்து முடித்து நாடாவைச் சுற்றினேன். போயிருக்க வேண்டும். போகவில்லை. "நேத்து போன்ல பேசினீங்களே... பொண்டாட்டின்னு..."

அவள் முகம் இறுகியது. "ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்." நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் எதிர் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.

அப்படி ஒரு வலைத்தளம் இருப்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். "இதுக்குப் பெரிய கம்பெனி, முதலாளி எல்லாம் கிடையாது சார். ஆளாளுக்கு ஒரு சர்வர் வெச்சு நடத்துறாங்க. ஒவ்வொண்ணும் ஒரு வீடு மாதிரி. வீட்டுக்கு வீடு சட்டம் வேற, ஆனா இந்த வீட்டுல இருந்து அந்த வீட்டுல இருக்கிறவங்களோட பேசலாம். போன் நம்பர் கேக்காது. உங்களை ஆபீஸ்காரங்களுக்குக் காட்டிக் கொடுக்காது." கடைசி வார்த்தைக்காகத்தான் நான் குறித்துக்கொண்டேன். அதற்கு முன் எல்லோரும் இருக்கிற பெரிய வலைத்தளம் ஒன்றில் எனக்குக் கணக்கு இருந்தது. திறந்தால் போதும், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று தலைமை எழுத்தரின் முகத்தைக் காட்டும்.

அவள் காட்டிய வீட்டில் தமிழில் எழுதுகிற குயர் மனிதர்கள் நூற்றுச்சொச்சம் பேர் இருந்தார்கள். பால்புதுமையர் என்ற சொல்லையே அங்கேதான் முதலில் படித்தேன். வீட்டை நடத்தியவர் ஒரு திருநங்கை. வேறொரு ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே இதையும் கவனித்துக்கொண்டார். எல்லோரும் அவரை ஓனரம்மா என்று கூப்பிட்டார்கள். சட்டங்கள் அதிகமில்லை. சொந்தப் பெயர் வேண்டாம். யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. எழுதியதைப் படம் பிடித்து வைக்கக் கூடாது. எழுதுவது எதுவானாலும் முப்பதாவது நாள் தானாக அழிந்துவிடும்.

சேர்ந்ததும் தன்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த நடை ஒன்றுதான். "பெருமதிப்பிற்குரியீர், எனக்கு வயது நாற்பத்தொன்பது. அரசுப் பணி. திருமணம் ஆகவில்லை. ஆண்கள்பால் ஈர்ப்பு உடையவன். இக்குழுவில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் வரிசையாக வந்திருக்கிறது.

"எந்திரிங்க எந்திரிங்க, தாசில்தார் வந்துட்டார்."

"ஐயா, உங்க மனு பரிசீலனையில் உள்ளது. வி.ஏ.ஓ. கையெழுத்து எங்கே?"

"டேய், பெரியவரைக் கலாய்க்காதீங்கடா. வாங்க சார். டீ குடிச்சீங்களா?"

"பணிவெல்லாம் இங்க வேணாம் மாமா. சும்மா வாங்க."

ஓனரம்மா கடைசியாக எழுதினார்: "மனு ஏற்கப்பட்டது. இது உங்க வீடு."

நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். ஐம்பது வயது நெருங்குகிற ஆள், வீட்டில் தனியாக, லுங்கியோடு உட்கார்ந்து. அன்றிலிருந்து நான் அங்கே தாசில்தார். அந்தப் பதவிக்கு நான் நாலைந்து படி கீழே என்று எத்தனை முறை எழுதியும் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டின் பேச்சு பெரும்பாலும் சாதாரணப் பேச்சுதான். ஒருவர் தன் துணைவருக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை என்று புலம்புவார். ஒரு பெண் அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும் அம்மா 'சரி, சாப்பிட வா' என்றதாகவும் எழுதினாள். அதற்கு எல்லோரும் இரண்டு நாள் கொண்டாடினார்கள். பௌர்ணமி என்றால் என்னை வம்புக்கு இழுப்பார்கள். கிரிவலக் கூட்டத்தால் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று என்று ஒருமுறை எழுதி, ஊரை நானே வெளியே விட்டுவிட்டேன். "லட்சக்கணக்குல நடக்கிறாங்களே தாசில்தாரே, அதுல நம்மாளு ஒருத்தர் கூடவா உங்க கண்ணுல படல?" ஆபீசில் போனைப் பார்த்துச் சிரித்துவிடுவேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் கேட்டார், "என்ன சார், ரிட்டயர்மென்ட் நேரத்துல லவ்வா?" ஆமாம் என்று சொல்லலாம் போலிருந்தது.

முதல் மாதம் முடிந்ததும் எனக்குத் தரப்பட்ட வரவேற்பு அழிந்துவிட்டது. காலையில் தேடினேன், இல்லை. 'இது உங்க வீடு' என்ற வரியும் போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பற்றி நிஜமாக எழுதப்பட்ட நாலு வரிகள் முப்பது நாள்தான் இருந்தன. இருபத்துச் சொச்சம் வருடமாக மழை பெய்ததையும் தயிர் சாதத்தையும் பாதுகாத்து வைத்தவனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அன்று மாலை இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மறுநாளிலிருந்து டைரி எழுதி முடித்ததும் முந்தின நாள் ஓனரம்மாவின் வீட்டில் யார் என்ன எழுதினார்கள் என்பதைப் பார்த்து எழுதினேன். இடது ஓரத்தில் தேதி, நேரம், எழுதியவரின் புனைபெயர், வலப்பக்கம் அவர்களுடைய வரிகள், ஒரு சொல் மாறாமல். சட்டத்தை நான் யோசிக்காமல் இல்லை. படம் பிடிக்கக் கூடாது என்றுதான் இருந்தது, கையால் எழுதக் கூடாது என்று இல்லை. அரசு உத்தரவுகளை இப்படித்தான் படித்துப் பழகியிருந்தேன். சட்டம் எதற்காகப் போட்டது என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அந்த வீட்டில் என் மனதுக்கு மிக நெருங்கியவர் ஒருவர். வேரோடு பிடுங்கிய நிலக்கடலைச் செடியைத் தன் படமாக வைத்திருந்தார். ஒருமுறை நிலக்கடலையை மல்லாட்டை என்று எழுதினார். அதிலிருந்து எல்லோருக்கும் அவர் மல்லாட்டை. மதுரைக்காரர் ஒருவர் "அது என்னய்யா ஆட்டம்?" என்று கேட்டார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் மட்டும்தான் அப்படிச் சொல்வார்கள்.

கல்யாணமானவர். ஒரு மகள். அவர் எழுதுவதில் பெரிய சோகமெல்லாம் இருக்காது. "ஐ.டி.ஐ.யில் படிக்கிறப்ப ஒருத்தன் என் டிபன் பாக்ஸ்ல இருந்து தினம் ஒரு வாய் எடுப்பான். இப்பவும் டிபன் பாக்ஸைத் திறந்தா முதல் வாயை நான் சாப்பிடுறதில்ல." அவ்வளவுதான். நான் அதை நோட்டில் எழுதிவிட்டு அன்று ஆபீசுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன்.

ஐப்பசியில் ஒரு காலை, அவர் எழுதினார்: "இன்னைக்கு மலை தொப்பி போட்டிருக்கு." நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். உச்சியை மறைத்து ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. "இங்கேயும்" என்று பதில் போட்டேன். நெடுநேரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது: "அப்படியா. சரி." மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மலை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு வரி. "தொப்பி." "மொட்டைத் தலை." "பாதித் தொப்பி." மழை நாளில், "ஆளையே காணோம்."

என் வாழ்வில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்த ஒரு வருடத்தைத்தான் சொல்வேன். ஒரே மலையை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கிருந்து சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறேன். ஊரைக் கீழ்பென்னாத்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொழிலைத் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நிஜமில்லை. தெரிந்தே தப்பாக எழுதுவது எனக்கு இதுதான் முதல்முறை.

அடுத்த வருட மழைக்காலத்தில் அவர் ஒரு படம் போட்டார். நனைந்த ரோடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே மின்கம்பிகளுக்கு நடுவில் நகக்கண் அளவுக்கு மலை. மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் மலையைப் பார்த்தேன். எங்கள் மலை நாலு பக்கமும் நாலு உருவம். எந்தத் தோள் உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்தால் பார்க்கிறவன் நிற்கும் கோட்டை வரைந்துவிடலாம். எனக்கு அதுதான் தொழில்.

கோடு கிடைத்தது. கோட்டில் எந்தப் புள்ளி என்பதற்கு நோட்டு இருந்தது. எதிரில் பள்ளிக்கூட மணி அடிக்கும் என்று மாசியில் எழுதியிருந்தார். ஆறே முக்கால் பஸ் கடை வாசலில் திரும்பும் என்று சித்திரையில். மாடியில் தையல் கிளாஸ் நடக்கும், பெண்கள் சிரிக்கிற சத்தத்தில் மாமனார் முகம் சுளிப்பார் என்று ஆடியில். ஒவ்வொன்றும் எழுதிய முப்பதாவது நாள் அழிந்துவிட்டது. ஒன்று இருக்கும்போது இன்னொன்று இல்லை. அவற்றைச் சேர்த்துப் பார்க்க உலகத்தில் யாராலும் முடியாது, என்னைத் தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்சிலும் அளவுகோலும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

எந்த ஊர் என்று கேட்கக் கூடாது என்றுதானே சட்டம்? நான் கேட்கவில்லையே.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு அளவை வேலை வந்தது. காலையில் இரண்டு சட்டை மாற்றினேன். வீட்டில் சுற்றாமல் கிடந்த மேசை விசிறியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். வேலை பதினொன்றரைக்கு முடிந்தது. கடை நான் வரைந்த இடத்திலேயே இருந்தது. மாடியில் தையல் கிளாஸ் போர்டு.

முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாமனார் நாள் முழுக்கக் கடையில்தான் இருப்பார் என்பதும் என் நோட்டில் இருந்தது. தெரிந்தேதான் போனேன்.

"இன்னா சார்?"

"ஃபேன் சுத்த மாட்டேங்குது."

"மாப்ள, இங்க பாரு."

உள்ளேயிருந்து அவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். உயரமானவர் என்று நினைத்திருந்தேன், இல்லை. சட்டைப் பையில் கண்ணாடி. றெக்கையை ஒரு விரலால் சுற்றிவிட்டார். "காயில் போயிருக்கும். ரெண்டு நாள் ஆவும் சார்."

"பரவால்லீங்க" என்றேன். பிறகு அதைச் சொன்னேன். அதைச் சொல்வதற்காகத்தான் வந்திருந்தேன். மூன்று வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "இன்னைக்கு மலைக்குத் தொப்பி இல்லீங்களே."

அவர் விரல் அப்படியே நின்றது. றெக்கை மட்டும் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

பெரியவர் சிரித்தார். "தொப்பியா? கரெக்டு சார். மழை விட்டு அடிக்கிற இந்த வெயிலுல மலைக்கே ஒரு தொப்பி வாங்கித்தான் போடணும். கேட்டியா மாப்ள?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த மாடலுக்குக் கம்பி இல்ல சார். திருவண்ணாமலையிலேயே பாத்துக்கோங்க."

"ஏன் மாப்ள, போன வாரங்கூட இதே மாதிரி ஒண்ணு கட்டினியே?"

"இல்ல மாமா. இல்லைன்னா இல்ல."

நான் எந்த ஊரிலிருந்து வந்தேன் என்று கடையில் சொல்லவேயில்லை. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். விசிறியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் அப்படிச் சொல்கிறார், பின்னால் வருவார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். "சார், ஸ்க்ரூ விழுந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்து என் கையில் ஒரு ஸ்க்ரூவை வைத்தார். அது என் விசிறியின் ஸ்க்ரூ இல்லை.

"நீங்க தாசில்தாரா?"

"ஆமாங்க."

"எப்படி வந்தீங்க?"

சொன்னேன். மலையின் தோள், பள்ளிக்கூட மணி, பஸ், தையல் கிளாஸ். அவர் வியந்து பாராட்டுவார் என்று என் மனதில் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்தது.

"அதெல்லாம் எப்பவோ எழுதினது. போயிருக்குமே?"

"எழுதி வெச்சிருக்கேன்."

"எதை?"

"எல்லாத்தையும். தேதி வாரியா."

அவர் ரோட்டைப் பார்த்தார். "ஐ.டி.ஐ.யில படிச்சவனைப் பத்தி எழுதினது?"

"இருக்குங்க."

"என் பொண்ணைப் பத்தி?"

"இருக்கு."

"சார், முப்பது நாள்ல போயிடும்னுதான் நான் எழுதினேன். இல்லைன்னா எழுதியே இருக்க மாட்டேன்."

"யார் கண்ணுலயும் படாதுங்க. பீரோல வெச்சுப் பூட்டி..."

"நீங்க செத்துட்டா?" குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். "செத்துட்டா அந்த பீரோவை யாரு தொறப்பாங்க?"

என் அக்கா மகன் திறப்பான். போனிலேயே வாழ்கிற பையன், படித்துச் சிரித்துவிட்டு நாலு பேருக்குக் காட்டுவான். அது அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது. இருநூறு பக்கத்தில் மூன்று நோட்டுகள். எழுதிய வருடங்களில் ஒருநாள் கூடத் தோன்றவில்லை. எல்லாம் தேதி வாரியாக இருந்தால் போதும், பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பஸ் வந்தது. "நல்லா இருங்க சார்" என்றார். பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கடைக்குள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை மலையில் தொப்பி இருந்தது. கடலைச் செடி இல்லை. அவர் பெயரைத் தேடினால் அப்படி ஒரு கணக்கு இல்லை என்று வந்தது. ஓனரம்மாவின் வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், "மல்லாட்டை எங்கப்பா?" "நேத்து காலையில கூட இருந்தாரே?" "தாசில்தாரே, உங்க கூட்டாளி எங்கே? உங்களுக்குத்தான் தெரியும்." நான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. டைரியில் அந்த இரண்டு நாளும் வானிலை மட்டும் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஓனரம்மாவுக்குத் தனியாக எழுதினேன். முழுதும் எழுதினேன், நோட்டையும் சேர்த்து. என்னை வெளியே அனுப்பிவிடுங்கள் என்றும் எழுதினேன். மாலையில் வேலை முடிந்து வந்து பதில் போட்டார்.

"துரத்திட்டா உங்களுக்கு ஈஸி தாசில்தாரே. அதனால துரத்த மாட்டேன். அவர் வீட்டுல ஏதாவது ஆச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? யார் கிட்டக் கேக்கறது? இங்க இருக்கிற ஒவ்வொருத்தரோட வார்த்தையும் உங்க பீரோல இருக்கு. நீங்களே எல்லார் கிட்டயும் சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க."

எழுதினேன். இந்த முறை பெருமதிப்பிற்குரியீர் இல்லை, பணிவுடனும் இல்லை. நான் உங்கள் வரிகளை மூன்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதை வைத்து ஒருவரைத் தேடிப் போனேன், என்னால்தான் அவர் போய்விட்டார், உங்கள் பக்கங்களை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

யாரும் தாசில்தார் என்று கூப்பிடவில்லை. பதினோரு பேர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கணக்கை மூடிவிட்டுப் போனார்கள். அம்மாவிடம் சொன்ன பெண் அதில் ஒருத்தி. ஒருவர், "நீங்க போலீசா?" என்று கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது. நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்கள் "அழிச்சிடுங்க" என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். ரசம் புலம்பல்காரர் மட்டும் இப்படி எழுதினார்: "எங்கப்பா இறந்த வாரத்துல நான் என்னவோ எழுதினேன். என்னன்னு ஞாபகம் இல்ல. அதை மட்டும் எனக்கு அனுப்பிட்டுக் கிழிச்சிடுவீங்களா?" அனுப்பினேன். வந்துவிட்டது என்று எழுதினார், நன்றி என்று எழுதவில்லை.

மாடியில் வைத்துக் கொளுத்தினால் பக்கத்து வீடுகளில் கேட்பார்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி, பக்கங்களைக் கிழித்து ஊறப் போட்டேன். பால் பாயிண்ட் மை கரையாது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் ஊறிய பிறகும் எழுத்து அப்படியே இருந்தது. கையால் பிசைய வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிசைந்தேன். பிசையும்போதும் கண் படித்துக்கொண்டே இருந்தது.

மல்லாட்டையின் பக்கங்களுக்கு மட்டும் உத்தரவு இல்லை. கேட்க ஆள் இல்லை. அவர் என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அவற்றைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். அந்த டிபன் பாக்ஸ் வரிகள் இருந்த தாளை ஒருமுறை பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன், பிறகு எடுத்து வாளியில் போட்டேன். அந்த வரிகளைத்தான் மேலே மாற்றி எழுதியிருக்கிறேன். நிஜத்தில் அது டிபன் பாக்ஸ் இல்லை, ஐ.டி.ஐ.யும் இல்லை. வேறு ஏதோ, வேறு எங்கேயோ. அவர் சொன்னது இதைவிட நன்றாக இருக்கும்.

அவர் வீட்டில் எதுவும் ஆயிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அளவை வேலை வந்தால் வேறொருவரை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒன்றும் புரியாமல் சிரித்ததை நினைத்துச் சில நாள் தைரியம் கொள்கிறேன். 'போன வாரங்கூடக் கட்டினியே' என்று அவர் கேட்டதை நினைத்துச் சில நாள் பயப்படுகிறேன்.

ஓனரம்மாவின் வீட்டில் இன்னும் இருக்கிறேன். மெல்ல மெல்ல நாலைந்து பேர் மறுபடியும் பேசுகிறார்கள். நான் எழுதுவது குறைந்துவிட்டது, படிப்பது மட்டும் அப்படியே. முப்பதாவது நாள் ஒவ்வொன்றாகப் போகிறது. போகட்டும் என்று விடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். படம் கிடையாது. வழக்கமான நாலு வரியில் ஒரு வரிதான் எழுதினார்: "வணக்கம். இங்க யாரையும் எனக்குத் தெரியாது." உடனே கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்களுக்கும்தான் யாரையும் தெரியாது, வாங்க வாங்க." "டீ குடிச்சீங்களா?" அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். ஒரு பதிலில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. அது என்ன சொல் என்று எழுதப் போவதில்லை. அவர் எழுதும் நேரம் எது, காற்புள்ளியை எங்கே வைக்கிறார், எதை எப்படிச் சொல்கிறார் என்று நாலு நாள் கவனித்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவராக இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியும்.

"வாங்க" என்று மட்டும் எழுதினேன். பிறகு போனை வைத்துவிட்டு டைரியை எடுத்தேன். காலையில் மேகமூட்டம், ஆபீசில் கோப்பு வேலை, மதியம் சாம்பார் சாதம். வழக்கமாக அடுத்து வருவது யார் வந்தார்கள் என்ற வரி. அந்த இடத்தை வெறுமனே விட்டேன்.